வெள்ளிக்கிழமை முகூர்த்தம் 9 – 10.30: மேளம், பாட்டு, பந்தி ஒன்றையொன்று இடிக்காமல் ஓட வழி சொல்லுங்கள்

கூறைநாட்டுத்தம்பி | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மாயவரத்திலேயே மண்டபம் பிடித்தாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அதைத் தொடர்ந்து வரவேற்பு. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை முகூர்த்தம். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் மேடைப் பொறுப்பு முழுவதும் என் தலையில்.

சமையல், பூ, பந்தல் எல்லாம் பேசியாகிவிட்டது. எனக்கு பயம் சத்தத்தில்தான். போன வருஷம் பெரியப்பா மகன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் காபி குடிக்கக் கீழே போயிருந்தார். ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று மூன்று தரம் கத்தினார். கடைசியில் ஒற்றைத் தவில் மட்டும் அவசர அவசரமாக முழங்கியது. அந்த வீடியோவைப் போட்டால் பெரியம்மா இன்றைக்கும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அப்படி நடக்கக் கூடாது. மேளக்காரரிடம் என்ன வாசிக்கச் சொல்ல வேண்டும், மைக் செட்டுக்காரருக்கு என்ன வேலை, முதல் நாள் கச்சேரியை எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும்? சுமார் 700 பேர் வருவார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பந்திக்கணக்கு | திங்கள், இரவு 10.05

தம்பி, பாட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் கடிகாரத்தைப் பிடி.

வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30க்குத் தொடங்கிவிடும். பத்திரிகையில் 9 – 10.30 என்று போட்டிருந்தாலும் 10.25க்குத் தாலி கட்டினால் ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். 9.50 என்று மனதில் வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வா.

இதில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் கூறைப்புடவை. கூறைநாடு என்கிற உன் ஊர்ப் பேரில் இருக்கிற புடவைதான், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐயர் தட்டில் வைத்துக் கொடுத்து, "பத்து நிமிஷத்தில் கட்டிக்கொண்டு வாம்மா" என்பார். நம்பாதே. எனக்கு மூன்று பெண்கள். சீக்கிரம் வந்தவளே 35 நிமிஷம் எடுத்துக்கொண்டாள். அந்த 35 நிமிஷமும் மாப்பிள்ளை மேடையில் தனியாக உட்கார்ந்திருப்பார், சபை பேச ஆரம்பிக்கும், பசித்தவன் பந்திக்கு எழுந்து போவான். ஆகவே 8.45க்கே புடவை கைக்குப் போய்விட வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளையார் பூஜை, காப்பு எல்லாம் இருக்கிறது. 7.30க்கு ஐயர் மனையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டிவிடுகிற பெண்மணி ஊசி, நகை, பூ எல்லாவற்றையும் அறையில் பரப்பி வைத்துக்கொண்டு தயாராக இருக்கட்டும். புடவை போன பிறகு பூ எங்கே என்று தேடுவதில்தான் நேரம் போகிறது.

இரண்டாவது, தாலித் தட்டு. சபையில் ஆசி வாங்க எடுத்துப் போவார்கள் இல்லையா, 700 பேரும் தொட்டுக் கும்பிட்டால் கால் மணி நேரம் காலி. அட்சதையை 9.15க்கே நான்கு பிள்ளைகளை விட்டுக் கொடுத்து முடித்துவிடு. தாலித் தட்டு முன் இரண்டு வரிசைப் பெரியவர்களோடு திரும்பட்டும். யார் யாரிடம் போகும் என்பதை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முதல் நாளே பேசிவிட வேண்டும். மேடையில் வைத்துப் பேசினால் சண்டைதான்.

மூன்றாவது, 9.30லிருந்து 10.10 வரை சாப்பாட்டுக்கூடத்துக் கதவைச் சாத்திவிடு. கல்யாண வீட்டில் கதவைச் சாத்துவதா என்று ஒரு மாமா குதிப்பார். குதிக்கட்டும். இலை போட்டுக்கொண்டே இருந்தால் தாலி கட்டும்போது நாற்காலிதான் வாழ்த்தும்.

சீவாளி | செவ்வாய், காலை 6.30

நான் நாதஸ்வர வீட்டுப் பிள்ளை. அப்பா வாசித்தார், அண்ணன் வாசிக்கிறார். எனக்கு மூச்சு போதவில்லை, கணக்கு எழுதப் போய்விட்டேன். உங்கள் பெரியப்பா வீட்டில் நடந்ததற்கு மேளக்காரர் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

மேளத்தைப் பாட்டு வாசிக்கிற கூட்டமாகவே எல்லாரும் பார்க்கிறீர்கள். கல்யாணத்தில் அதற்கு வேறு ஒரு வேலை உண்டு. கூடத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஐயர் வாய் அசைவது தெரியாது. சமையல்காரருக்கு மேடையே தெரியாது. அலங்கார அறையில் இருக்கிற பெண்ணுக்கும் தெரியாது. இவர்கள் எல்லாருக்கும் இப்போது என்ன நடக்கிறது என்பது மேளத்தின் போக்கை வைத்துத்தான் தெரியும். ஆலாபனை நீளமாகப் போனால் இன்னும் நேரம் இருக்கிறது. தவில் சேர்ந்து காலம் ஏறினால் எழுந்து வா. கெட்டிமேளம் என்றால் கையில் அட்சதை எடு. மைக் செட்டைப் போட்டு மேளத்தை அமுக்கினால் மண்டபத்தின் கடிகாரத்தையே நிறுத்தியது மாதிரி.

என்ன வாசிக்கச் சொல்வது என்று கேட்டீர்கள். நல்ல செட்டாக இருந்தால் அவர்களிடமே விட்டுவிடலாம். இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். விடியற்காலையில் பூபாளம், பௌளி. வெயில் ஏற ஏற மலயமாருதம், பிலஹரி, கேதாரம். பூஜை தொடங்கும்போது நாட்டை அல்லது ஹம்சத்வனி. தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' ஹம்சத்வனியில் இருப்பதால் அது வராத கல்யாணமே கிடையாது. மாப்பிள்ளை அழைப்புக்கு, பொழுது சாய்ந்த நேரம், கல்யாணி. சங்கராபரணமும் கரகரப்ரியாவும் நன்றாக இருக்கும். ஊர்வலம் நீளமானால் காம்போதி, தோடி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் தோடியைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள், ஒருவராவது துண்டை உதறிக்கொண்டு நிற்பார். எல்லாம் முடிந்து மங்களத்துக்கு மத்தியமாவதி. முகாரியை மட்டும் யாரும் கேட்காதீர்கள். அது சோக ராகமில்லை என்று இசை தெரிந்தவர்கள் வாதாடுவார்கள். அந்த வாதத்தைக் கல்யாண வீட்டில் ஜெயிக்க முடியாது.

மல்லாரி என்கிற உருப்படி சாமி புறப்பாட்டுக்கு உரியது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு வாசிக்க மாட்டார்கள். இப்போது நிறையப் பேர் வாசிக்கிறார்கள், அது அவரவர் விருப்பம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மேளத்துக்கு மேடைக்குப் பக்கவாட்டில் இடம் கொடுங்கள், ஐயரின் கை தெரிகிற கோணத்தில். புகைப்படக்காரர்கள் நான்கு பேர் குறுக்கே நிற்பார்கள், அப்புறம் ஐயர் விரல் நீட்டினால் யாருக்குத் தெரியும்? அதனால் உங்கள் வீட்டுப் பையன் ஒருவன் தவில்காரர் கண் படும் இடத்தில் நிற்கட்டும். ஐயரைப் பார்த்து அவன் கை தூக்கினால்தான் கெட்டிமேளம். வேறு யார் கத்தினாலும் கிடையாது. தாலித் தட்டு மேடைக்குத் திரும்பும்போதே ஆர்வக்கோளாறில் ஒரு சித்தப்பா "கெட்டிமேளம்!" என்பார். தவில் முழங்கிவிடும், சபை அட்சதையைப் போட்டுவிடும், தாலி இன்னும் தட்டில்தான் இருக்கும். நிஜமான நேரத்தில் போட அட்சதை இருக்காது. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு. 6 மணிக்கு ஊத ஆரம்பித்தவர் 8 மணிக்கு இட்லி தேடிப் போனால் குற்றமா? 8.45க்குப் பெண் புடவை மாற்றப் போகும்போது இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள். ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் எப்போதும் கூடத்தில் இருக்கும்.

மைக்செட்_ராசா | செவ்வாய், மதியம் 1.20

சீவாளி அண்ணன் எங்களைத் திட்டாமல் ஒரு பதிவும் போட மாட்டார் போல. பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

குத்துப்பாட்டு நாங்களாகப் போடுவதில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் கைப்பேசியைக் கொண்டுவந்து ஒயரில் சொருகுவார்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்காரரே "பசங்க ஆசைப்படறாங்க, விடுப்பா" என்பார். அப்புறம் தாலி நேரத்தில் அதே கைப்பேசியில் வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று அழைப்பு வரும், அது கூடம் முழுக்கக் கேட்கும். தம்பி, ஒரே ஒரு ஆள். அவர் சொன்னால்தான் பாட்டு மாறும், அவர் சொன்னால்தான் நிற்கும். அது யார் என்று முதல் நாள் எங்களிடம் காட்டிவிடுங்கள். பாட்டெல்லாம் பென்டிரைவில் இருக்கட்டும், வரிசைப்படி எண் போட்டு. கைப்பேசிதான் என்றால் விமான நிலையில் வைத்துக் கொடுங்கள்.

நாதஸ்வரத்துக்கு மண்டபத்துக்குள் மைக்கே வேண்டாம் என்பது என் கருத்து. கோயில் பிராகாரத்துக்காகப் பிறந்த வாத்தியம் அது. தவிலுக்கு மைக் வைத்தால் முன் வரிசைப் பாட்டிகளுக்குத் தலைவலி. ஆனால் ஐயருக்குச் சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் கொடுங்கள், மெதுவான சத்தத்தில். சபைக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தால் பேச்சு தானாகக் குறையும்.

பெண் மேடைக்கு வரும்போது ஒரு பாட்டு வேண்டும் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அதில் என்ன தப்பு? உங்கள் தங்கைக்குப் பிடித்த பாட்டு ஒன்று இருக்கும் இல்லையா?

சீவாளி | செவ்வாய், மாலை 4.45

தப்பு என்று சொல்லவில்லை ராசா. பாட்டுப் போட்டதும் மேளம் நிற்க வேண்டும், பாட்டு முடிந்ததும் மேளம் திரும்பச் சேர வேண்டும். பதிவு செய்த பாட்டு ஒரு சுருதி, நாதஸ்வரம் வேறு சுருதி. பாரி என்கிற நீளமான நாதஸ்வரத்துக்குக் கட்டை, அதாவது சுருதி, குறைவு. பாட்டுக்குத் தக்கபடி சீவாளியை (வாயில் வைத்து ஊதுகிற நாணல் முனையை) இழுத்து அமுக்கிச் சரிக்கட்ட முடியாது. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும்போது காதில் மணல் விழுந்த மாதிரி இருக்கும். அந்தப் பாட்டையே நாதஸ்வரத்தில் வாசிக்கச் சொல்லுங்களேன். ஒரு வாரம் முன்னால் சொன்னால் பழகி வைப்பார்கள். காலையில் மேடையேறி, "அண்ணே, அந்தப் படத்துப் பாட்டு தெரியுமா?" என்று கேட்காதீர்கள். எத்தனையோ நாள் சாதகம் செய்த மனிதர், தெரியாது என்று சொல்லக் கூசித் தெரிந்த வரைக்கும் வாசிப்பார், நீங்கள் சிரிப்பீர்கள்.

மைக்செட்_ராசா | செவ்வாய், மாலை 5.10

இது நல்ல யோசனை. ஒத்துக்கொள்கிறேன். முதல் நாள் சாயங்காலம் எங்களுக்கு, காலை உங்களுக்கு. சமாதானமா?

கூறைநாட்டுத்தம்பி | செவ்வாய், இரவு 8.30

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. தங்கையிடம் கேட்டேன். அவளுக்கு ஒரு மெலடி பிடிக்குமாம், நாதஸ்வரத்தில் கேட்க ஆசைதானாம்.

வரவேற்பில் ஒரு மெல்லிசைக் குழு பேசியிருக்கிறோம். வேறு ஊரில் ஓட்டலில் கல்யாணம் வைத்த நண்பன் ஒருவன், சினிமாப் பாட்டு பாடினால் உரிமம் வாங்கிய சீட்டு காட்ட வேண்டும் என்று ஓட்டல்காரர்கள் கேட்டதாகச் சொன்னான். அப்படி ஒன்று உண்டா? இரவு எத்தனை மணி வரை பாடலாம்?

குமாஸ்தா | செவ்வாய், இரவு 10.40

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் 1(இசட்ஏ) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. உண்மையான மதச் சடங்கின்போது பாட்டைப் பாடுவதும் பதிவை ஒலிக்கவிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்கிறது. அதன் விளக்கத்திலேயே கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்ற கொண்டாட்டங்களும் மதச் சடங்கில் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை இதை நினைவூட்டிப் பொது அறிவிப்பே வெளியிட்டது. யாராவது கேட்டால் அதை அச்செடுத்து நீட்டுங்கள். வாய்த்தகராறு வேண்டாம்.

நேரம்: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய கல்யாண மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் ஒலிப்பதற்கு விலக்கு உண்டு. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் குழாய் கட்டிவிட்டு விலக்கு கேட்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. வாசலில் வாத்தியம் வைத்தாலும் இதே இரவு விதிதான். மறுநாள் காலையில் கல்யாணம் இருக்கிறவன் 9.30க்கே மூட்டை கட்டுவது நல்லது.

ஊஞ்சல்_மாமி | புதன், காலை 11.15

இந்த இழையில் பெண் குரலே இல்லையே என்று வந்தேன். எங்கள் வழக்கம் வேறு, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்கு உதவும்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் என்று வரிசையாக வரும். ஊஞ்சல் பாட்டை யாராவது வந்து பாடிவிடுவார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைக்கிறார்கள். அந்த யாராவது நான்தான். எனக்கு வயது 71, தொண்டை போய்க்கொண்டிருக்கிறது. இப்போது மைக்கைக் கையில் கொடுத்து, "மாமி, ஆரம்பிங்கோ" என்கிறார்கள். நான் தனியாகப் பாடினால் அது கச்சேரி. பத்துப் பெண்கள் சுற்றி நின்று, சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சேர்ந்து பாடினால்தான் ஊஞ்சல். ஒரு மாதம் முன்னாலேயே பாட்டை எழுதி நான்கு பெண்களுக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு தரம் கூடிப் பாடிப் பாருங்கள். லாலி பாட ஆரம்பித்ததும் மேளக்காரர் தானாக நிறுத்திவிடுவார். நாங்கள் முடித்ததும் அதே ராகத்தைப் பிடித்துக்கொண்டு போவார். பழைய வித்வான்கள் இதில் கெட்டி. குறிஞ்சியில் விட்டால் குறிஞ்சியிலேயே எடுப்பார்கள்.

வைணவ வீடுகளில் தேங்காய் உருட்டும்போது ஆண்டாளின் வாரணமாயிரம் சொல்வார்கள். நாச்சியார் திருமொழியில் ஆறாவது, 11 பாசுரம். அதை அவசரப்படுத்தாதீர்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரர், "மாமி, மூன்றோடு நிறுத்திக்கலாமா?" என்றார். கல்யாணக் கனவை மூன்றாவது பாட்டோடு எப்படி நிறுத்துவது? பெண் இன்னும் கை பிடிக்கவே இல்லை.

மாலைமாற்று | புதன், மாலை 6.05

எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். இந்து திருமணச் சட்டத்தில் 1967 திருத்தத்தில் வந்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும். மந்திரமும் இல்லை, ஓமமும் இல்லை, ராகு காலமும் இல்லை. ஐந்து நிமிடத்தில் கல்யாணம் முடிந்துவிடும், ஒழுங்காக ஓட வைப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தோம்.

வாழ்த்துரை! தலைமை ஒருவர், முன்னிலை இருவர் என்று ஆரம்பித்து, மேடையில் 14 பேர் பேசினார்கள். ஒவ்வொருவரும் "நேரத்தின் அருமை கருதி" என்றுதான் தொடங்கினார்கள். மாலை கையில் இருந்தபடியே வாடியது. பறைக்குழு நண்பர்கள் வாசலில் வரவேற்று அடித்ததோடு சரி, உள்ளே அவர்களுக்கு வேலையே வரவில்லை.

என் தம்பி கல்யாணத்தில் மாற்றினோம். மாலை மாற்றலை முதலில் வைத்தோம், அந்த நிமிடத்தில் பறை. கூடமே எழுந்து நின்றது. அப்புறம் நான்கு பேர் மட்டும் வாழ்த்துரை, இடையிடையே பாரதிதாசன் பாடல்களை ஒரு தங்கை பாடினாள். ஐந்தாவதாகப் பேச வந்தவரிடம் சாப்பாட்டுக்கூடத்தில் வரவேற்பு உரை ஆற்றுமாறு கேட்டுக்கொண்டோம். ஆற்றினார், நன்றாகவே பேசினார்.

வைகலும் | புதன், இரவு 7.50

நடுவழி ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டில் ஓதுவார் வந்து தமிழில் நடத்தினார். சம்பந்தரின் 'மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம்' பதிகம் கல்யாணங்களில் பாடுவது வழக்கம், கொல்லிப் பண். கழுமலம் என்கிற சீர்காழியில் பாடியது, உங்கள் மாயவரத்துக்குப் பக்கம்தான். தாலிக்கு முன்னால் அதைப் பாட வைத்தோம். மேளமும் நின்றது, பேச்சும் நின்றது. குழந்தை ஒன்று அழுதது மட்டும்தான் கேட்டது. அது முடிந்து கெட்டிமேளம் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சத்தத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் அமைதி வேண்டும் தம்பி, அதையும் உங்கள் வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

நல்லூரடி | வியாழன், காலை 5.40

கனடாவில் இருந்து எழுதுகிறேன். டொரன்டோவில் மண்டபத்தை மணிக்கணக்குப் பார்த்துத்தான் தருவார்கள். பகல் கல்யாணம் என்றால் பின்னேரம் அடுத்த ஆட்களுக்கு மண்டபத்தை விட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் பொன்னுருக்கல் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு) போன்றவற்றை முன்னதாகவே வீட்டில் முடித்துவிடுவோம். இங்கே நாங்கள் பட்டுத் தெளிந்த விஷயம் ஒன்று: ஓமம் வளர்ப்பதை மண்டபத்தாரிடம் எழுத்தில் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு கல்யாணத்தில் புகை எச்சரிக்கை மணி கெட்டிமேளத்தை முந்திவிட்டது. ஆட்கள் அட்சதையைக் கையில் பொத்திக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தில் நின்றார்கள். ஐயரும் நின்றார்.

தவில், நாதஸ்வரத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி பிறந்த மண் அல்லவா எங்களுடையது. மண்டபம் சின்னதாக இருந்தாலும் தவில் இரண்டு இருக்க வேண்டும் என்று அப்பு ஒற்றைக்காலில் நிற்பார்.

கூறைநாட்டுத்தம்பி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.00

கல்யாணம் முடிந்தது. எல்லாருக்கும் பெரிய நன்றி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அடுத்தவருக்கு உதவும்.

முதல் நாள்: மாப்பிள்ளை அழைப்பு 6 மணிக்குக் கிளம்ப வேண்டியது, மாப்பிள்ளையின் ஷூ ஒன்று வண்டியிலேயே தங்கிவிட்டதால் 6.40 ஆனது. அந்த 40 நிமிடமும் கோயில் வாசலில் கல்யாணி வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தாமதம் என்றே தோன்றவில்லை, மாப்பிள்ளை வீட்டார் அதற்காகவே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டார்கள். மெல்லிசைக் குழுவிடம் 9.30 என்று எழுதியே கொடுத்திருந்தேன். 9.25க்குப் பாடகர், "கடைசியாக ஒரு பாட்டு" என்றார். கடைசிப் பாட்டு மூன்று வந்தது. ராசா அண்ணன் சொன்னபடி ஒரே ஆள் என்று என் மச்சானை வைத்திருந்தேன். அவன் போய் ஒலிக்கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் சும்மா நின்றான். நின்றதிலேயே முடித்துவிட்டார்கள்.

காலை: கூறைப்புடவை 8.50க்குக் கொடுத்தோம், தங்கை 9.28க்கு வந்தாள். 38 நிமிடம். பந்திக்கணக்கு ஐயாவின் மகள் சாதனை தப்பித்தது. அவள் வரும்போது அந்த மெலடியை நாதஸ்வரத்தில் எடுத்தார்கள். முதல் நான்கு சுரத்தில் அவளுக்குப் புரியவில்லை, ஐந்தாவதில் நிமிர்ந்து அண்ணா என்று என்னைத் தேடினாள். வித்வான் அப்படியே அதிலிருந்து நழுவி, அதே சாயலுள்ள ராகத்தில் ஆலாபனைக்குள் போய்விட்டார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனமாம். 2022ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த கதையைச் சாப்பிடும்போது சொன்னார்.

தாலி 10.02க்கு. கை தூக்குகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன சித்தப்பா எங்கள் வீட்டிலும் இருந்தார். தட்டு மேடைக்குத் திரும்பும்போதே "கெட்டிமேளம்!" என்று ஒரு கத்து. தவில்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், அவர் குச்சியைத் தொடையில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு நிமிடம் எதுவும் இல்லை. சுருதிப்பெட்டி மட்டும் ஓடியது. 'வைகலும்' என்பவர் எழுதியதைச் செய்ய ஓதுவாருக்கு எங்கே போவது என்று இருந்தேன். மாப்பிள்ளையின் பாட்டி எழுந்து அந்தப் பதிகத்தில் முதல் பாட்டை மைக் இல்லாமல் பாடினார். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஐயர் விரலை நீட்டினார், நான் கையைத் தூக்கினேன். அப்புறம் எனக்குச் சரியாக நினைவில்லை, காது அடைத்துவிட்டது.

வீடியோ நேற்று வந்தது. பெரியம்மா உட்கார்ந்து பார்த்தார். தாலி கட்டு முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார்.

தோற்ற இடம் பந்திதான். கதவைச் சாத்தியதால் 10.10க்குத் திறந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். 250 பேர் உட்காரும் கூடத்தில் 400 பேர் நின்றார்கள். மூன்றாம் பந்தியில் ரசம் தீர்ந்தது.

பந்திக்கணக்கு | ஞாயிறு, இரவு 9.15

அது என் தப்பு, முழுக்கச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கதவைத் திறந்ததும் முன் வரிசைக்கு மோரும் பானகமும் கூடத்துக்கே அனுப்பியிருக்க வேண்டும், அரை மணி தாங்கும். ரசம் எத்தனை பேருக்குச் சொன்னாய்? 700 என்றா? வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு அலுவலகம் போகிற வழியில் சாப்பிட வருகிறவர்கள் தனி. அடுத்த முறை 800 சொல்.

கூறைநாட்டுத்தம்பி | ஞாயிறு, இரவு 9.22

அடுத்த முறை என்றால் எனக்குத்தான் ஐயா. வைகாசியில் பெண் பார்க்கிறார்கள்.